உஷார்! ராத்திரி ஒரு மணிக்கும் எழுதிக்கொண்டிருக்கிறீர்களா?

வீடு அடங்கின பிறகுதான் எழுத்து வருகிறதா? உஷார்!

பதினொரு மணிக்கு உட்கார்ந்து இரண்டரைக்கு எழுந்தாலும், காலை ஐந்தரைக்கு வாசல் தெளிக்க முடிகிறது, உடம்புக்கு ஒன்றும் இல்லை என்கிறீர்களா? அப்படியென்றால் இன்னும் உஷார்! அந்த "ஒன்றும் இல்லை"யைத்தான் முதலில் நம்பக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன். கையில் இருக்கிற வேலையை ஓரமாக வைத்துவிட்டு, முழுசாகப் படியுங்கள்.

வாலாஜாபாத் பக்கம் இருக்கிறவர்களுக்கு இதை முதலில் சொல்ல வேண்டும். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிற கம்பெனி பஸ் இங்கே விடியும் முன்பே வந்து நிற்கிறது. ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று வேலை நேரம் மாறிக்கொண்டே இருக்கிறது. நெசவு வீடுகளில் பகல் முழுக்கத் தறிச் சத்தம். பிள்ளைகளின் வீட்டுப்பாடம், மாமியாருக்கு மாத்திரை, மறுநாள் இட்லிக்கு மாவு. எல்லாம் முடிந்த பிறகு, எழுதத் துடிக்கிற மனசுக்கு மிஞ்சுவது ராத்திரி மட்டும்தான். இப்போது நோட்டு, பேனாகூட வேண்டியதில்லை. போனிலேயே தட்டி, தொடர்கதையாகப் போட்டுவிடலாம். போட்ட அரை மணி நேரத்தில் "அடுத்த பகுதி எப்போ?" என்று யாரோ கேட்கிறார்கள். வீட்டில் யாரும் காது கொடுக்காத குரலை முகம் தெரியாதவர்கள் காத்திருந்து கேட்கிறார்கள் என்றால், தூக்கம் என்ன பெரிய தூக்கம் என்று தோன்றத்தான் செய்யும். அந்தச் சந்தோஷத்தை நான் ஒரு சொல்கூடக் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் ஒரு பெண்ணுக்கு நடந்ததைக் கேளுங்கள்.

பெயர் வேண்டாம். வாலாஜாபாத்தை ஒட்டிய ஊர், நெசவுக் குடும்பம். காஞ்சிபுரத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிற வேலை. காலையில் கடைக்குக் கிளம்பும் முன் அப்பாவோடு கொஞ்ச நேரம் தறியில் உட்காருவாள். காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் கோத்து நெய்யும் கோர்வைக்கு ஒரு ஆள் போதாது. நெய்கிறவர் பக்கத்தில் இன்னொருவர் இருந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். அந்த வேலை அவளுடையது. சின்ன வயதிலிருந்து செய்கிறாள். கண்ணை மூடிக்கொண்டும் செய்வாள் என்று அப்பாவே சொல்வார்.

ராத்திரி தொடர்கதை. பதினொன்றரைக்கு ஆரம்பித்தால் முடிய இரண்டு, இரண்டரை. ஐந்தரைக்கு மறுபடி அலாரம். மாதக்கணக்கில் இப்படியே போனது. "அக்கா, மூணரை மணி நேரம் எனக்குப் போதும், உடம்பு பழகிடுச்சு" என்று என்னிடமே சொன்னாள்.

முதல் அடையாளம் தறியில் வந்தது. ஒரு நாள் கரை ஓரத்தில் அப்பாவின் விரல் நின்றது. கோர்வை விட்டுப் போயிருந்தது. ஒரு இடம் இல்லை, அடுத்தடுத்துப் பல இடங்கள். கரையும் உடலும் ஒன்றையொன்று பிடிக்காமல், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் ஊசி நுழைகிற அளவுக்கு வாய் பிளந்து நின்றது. இழை இழையாகப் பிரித்து மறுபடி நெய்ய வேண்டியதாயிற்று. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தப்பு நடந்ததற்காக மட்டும் இல்லை. நாடா தள்ளினது ஞாபகம் இருக்கிறது, விட்டது ஞாபகமே இல்லை!

இரண்டாவது அடையாளம் கதையில் வந்தது. முன்பே செத்துப்போன ஒரு அம்மா, பல அத்தியாயம் கழித்துத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். வாசகர்கள்தான் சொன்னார்கள்.

மூன்றாவது அடையாளத்துக்கு யாரும் காத்திருக்கக் கூடாது. அவள் காத்திருந்தாள்.

காலை வேளை. காஞ்சிபுரம் போகிற சாலை. ஐயம்பேட்டை தாண்டினது தெரியும் என்கிறாள். அதற்குப் பிறகு தெரிந்தது, முகத்துக்கு நேரே மண். ஸ்கூட்டர் தார் ரோட்டை விட்டு இறங்கிச் சரிந்திருக்கிறது. வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. பின்னால் வந்த டிப்பர் லாரிக்காரர் பிரேக்கை மிதித்து ஒடித்துக்கொண்டு போயிருக்கிறார். இடது பக்கம் சரிந்ததால் மண். வலது பக்கம் சரிந்திருந்தால்? எழுதவே கை நடுங்குகிறது.

உயிர் இருக்கிறது. அது போதும். ஆனால் மாவுக்கட்டு பிரிக்கும் வரை எழுத்தும் இல்லை, தறியும் இல்லை, சம்பளமும் இல்லை. ராத்திரி ராத்திரியாகச் சேர்த்த நேரமெல்லாம் ஒரே காலையில் போனது.

அவள் குடிக்கவில்லை. போன் பேசிக்கொண்டு ஓட்டவில்லை. வேகமாகவும் போகவில்லை. தூங்கவில்லை, அவ்வளவுதான்!

இப்போது ஒரு கணக்கு பாருங்கள். 1997இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் மூளையும் எவ்வளவு தடுமாறுகின்றன என்று அளந்தார்கள். ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் சாராயம் இருப்பவர் அளவுக்குத் தடுமாற்றம்! நம் நாட்டுச் சட்டப்படி 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வண்டி ஓட்டக் கூடாது, வழக்கு. ஐந்தரைக்கு எழுந்தவருக்கு 17 மணி நேரம் எப்போது முடிகிறது? இரவு பத்தரைக்கு. அதாவது நீங்கள் எழுத உட்காரும் முன்பே! அதற்கு மேல் மூன்று மணி நேரம் எழுதிவிட்டு, மூன்று மணி நேரம் கண்ணை மூடி, காலையில் அதே தலையோடு வண்டிச் சாவியை எடுக்கிறீர்கள்.

"எனக்குத் தூக்கம் வந்தால் தெரியாதா? ஓரங்கட்டி நிறுத்திவிட மாட்டேனா?"

தெரியாது. இதைத்தான் அடித்துச் சொல்ல வந்தேன். உங்களுக்குத் தெரியாது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு, 2003இல் வெளிவந்தது. சிலரைத் தினம் 4 மணி நேரமும், சிலரை 6 மணி நேரமும், சிலரை 8 மணி நேரமும் தூங்கவைத்து, 14 நாள் சோதித்தார்கள். 4 மணி, 6 மணிக்காரர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போனது. ஒன்றிரண்டு ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லாதவர் நிலைக்கே வந்துவிட்டது. ஆனால் "தூக்கம் வருகிறதா?" என்று கேட்டபோது என்ன சொன்னார்கள் தெரியுமா? முதல் சில நாள் கொஞ்சம் கூடியது, அப்புறம் அப்படியே இருக்கிறது என்றார்கள். சரிவு நிற்கவில்லை, சரிகிற உணர்வு மட்டும் நின்றுவிட்டது. "உடம்பு பழகிடுச்சு" என்று அவள் சொன்னாளே, அது இதுதான். பழகியது உடம்பு இல்லை. எச்சரிக்கை மணி ஊமையாகிவிட்டது.

கண்ணைத் திறந்தபடியே சில நொடி மூளை தூங்கிவிடும். அதைக் குறுந்தூக்கம் என்கிறார்கள். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிற ஸ்கூட்டர் மூன்று நொடியில் 33 மீட்டர் போய்விடும். அந்தத் தூரம் முழுக்க வண்டியில் ஆள் இல்லை என்றே அர்த்தம்!

இந்தப் பக்கம் எழுதுகிற பிள்ளைகளிடம் தூங்கச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "அண்ணா ஒரே ராத்திரியில எழுதலையா?"

அறிஞர் அண்ணாவைத்தான் சொல்கிறார்கள். காஞ்சிபுரத்து மண்ணில் பிறந்த மனிதர். நெசவாளர் குடும்பம். ராத்திரி வெகுநேரம் கண் விழித்துப் படிப்பதும் எழுதுவதும் அவர் வழக்கம். 1951இல் ஏவி.எம். எடுத்த 'ஓர் இரவு' படத்துக்கு, 300 பக்க வசனத்தை ஒரே இரவில் எழுதிக் கொடுத்தார் என்று சொல்வார்கள். நம் ஊர்ப்பக்கத்துப் பெருமை அது. ஆனால் முழுக் கதையையும் பாருங்கள். 'ஓர் இரவு' அதற்கு முன்பே அவர் எழுதி, மேடை ஏறி, ஜனங்கள் கைதட்டிய நாடகம். பாத்திரங்கள் யார், யார் எப்போது உள்ளே வருகிறார்கள், எந்த இடத்தில் சனம் மூச்சை அடக்கும் என்று எல்லாம் தெரிந்த பிறகு வந்த ராத்திரி அது. வருஷக்கணக்கான விளைச்சலை ஒரு ராத்திரியில் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நீங்களோ ஒவ்வொரு ராத்திரியும் விதைக்கவும் அறுக்கவும் பார்க்கிறீர்கள். தினம் தினம் 'ஓர் இரவு' நடக்காது!

ப்ராக் நகரத்து எழுத்தாளர் காஃப்காவுக்கும் அப்படி ஒரு ராத்திரி வாய்த்தது. 1912 செப்டம்பர் 22, இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து விடிகாலை ஆறு மணிக்குள் 'தீர்ப்பு' என்ற சிறுகதையை முடித்தார். பகலில் காப்பீட்டு அலுவலக வேலை. எழுதினால் இப்படித்தான் எழுத வேண்டும் என்று அந்த ராத்திரியைப் பிடித்துக்கொண்டார். அவர் நாட்குறிப்பைப் புரட்டினால் தூக்கம் வராத புலம்பல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. நாவல் மூன்றையும் முடிக்காமலே 40 வயதில் போய்ச் சேர்ந்தார். அவரைக் கொண்டுபோனது காசநோய். தூங்காததால் செத்தார் என்று நான் சொல்ல மாட்டேன், அது பொய். ஆனால் அந்த ஒரு ராத்திரியைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள், அதற்குப் பின்னால் வந்த ஆயிரம் ராத்திரிகளையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. தூக்கம் உங்கள் எழுத்துக்கு எதிரி என்று நினைக்கிறீர்களே, அந்த நினைப்பே தப்பு. 2004இல் ஜெர்மனியில் ஒரு ஆய்வு. ஒரு கணக்குப் புதிரைச் சிலருக்குக் கொடுத்தார்கள். அதற்குள் ஒரு குறுக்குவழி ஒளிந்திருக்கிறது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்து உட்கார்ந்தவர்களில் அதைக் கண்டுபிடித்தவர்கள், விழித்தே இருந்தவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல்! அடுத்த அத்தியாயத்தில் உங்கள் கதாநாயகி வீட்டை விட்டுப் போவாளா மாட்டாளா என்று ராத்திரி இரண்டு மணி வரை மண்டையை உடைத்துக்கொள்கிறீர்களே, அந்த முடிச்சு தூக்கத்தில் அவிழலாம். கனவு அதிகம் வருகிற தூக்கம் விடியற்காலைப் பங்கில்தான் கூடுதலாக இருக்கிறது. அலாரம் வைத்து நீங்கள் வெட்டி எறிவது சரியாக அந்தப் பங்கைத்தான்.

அப்புறம் அந்த டீயும் காபியும்! விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. "போதும், படு" என்று சொல்வது அதுதான். காபியில் இருக்கிற காஃபீன் அந்த வாயைப் பொத்துகிறது. களைப்பை எடுப்பதில்லை, மறைக்கிறது! ஒன்பது மணிக்குக் குடித்த காபியில் பாதி, ராத்திரி இரண்டு மணிக்கும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். போனை அணைத்துப் படுத்த பிறகும் கண் மூடாமல் கூரையையே பார்த்துக்கொண்டு கிடப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா?

சரி, உங்கள் வீட்டிலும் ஆபத்து நுழைந்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எழுதின வரியையே மூன்று முறை படிக்கிறீர்கள், ஏறவில்லை. அடுப்பில் பால் வைத்தது மறந்து போகிறது. முத்தியால்பேட்டையிலிருந்து வீடு வரை வண்டி ஓட்டி வந்தது ஞாபகத்தில் இல்லை. இந்தக் கடைசி ஒன்று நடந்திருந்தால் இன்றிலிருந்து வண்டியைத் தொடாதீர்கள், தூக்கம் சரியாகும் வரை பஸ்ஸில் போங்கள்!

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணி வரை அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறீர்களா? அது ஓய்வு இல்லை, ஆறு நாள் பட்ட கடனுக்கு வட்டி.

பிள்ளை ஒரு சந்தேகம் கேட்டால் சுள்ளென்று விழுகிறீர்கள். அப்புறம் போய்த் தனியாக அழுகிறீர்கள். எழுதினது எல்லாமே குப்பை என்று திடீரென்று தோன்றுகிறது. குறை கதையில் இல்லாமல் இருக்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு, தூங்காத தலையோடு, உங்கள் எழுத்துக்கு நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

குறட்டை பலமாக வந்து, நடுவில் மூச்சு நின்று, திணறிக்கொண்டு எழுகிறீர்கள் என்று வீட்டுக்காரர் சொல்கிறாரா? எட்டு மணி நேரம் படுத்தும் பகலில் தூங்கி விழுகிறீர்களா? இது எழுத்தால் வந்தது இல்லை, மூச்சுத் தடை நோயாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து, மாத்திரை. "கண் மூட மாட்டேங்குது" என்று தெரிந்தவர் மூலமாக அல்பிரசோலம் மாதிரி மாத்திரை வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து அது. முதலில் அரை, அப்புறம் ஒன்று. அப்புறம் அது இல்லாமல் தூக்கமே வராது, திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். குடியோடு சேர்த்தால் மூச்சே நிற்கலாம். பக்கத்து வீட்டு மாத்திரையைத் தொடவே தொடாதீர்கள்! ஏற்கெனவே பழகிவிட்டது என்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொல்லிக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது ஒன்று இருக்கிறது. அது பார்க்க ஆபத்து மாதிரியே இருக்காது. இரண்டு, மூன்று நாளாக ஒரு மணி, இரண்டு மணி நேரம்தான் தூக்கம். ஆனால் களைப்பே இல்லை! பேச்சு படபடவென்று வருகிறது. எழுத்து கொட்டுகிறது, ஒரே ராத்திரியில் பத்து அத்தியாயம். உலகத்திலேயே என்னைப் போல எழுத ஆள் இல்லை என்று தோன்றுகிறது. கையில் இருக்கிற காசெல்லாம் கரைகிறது. சுற்றி இருக்கிறவர்கள் "சரஸ்வதி கடாட்சம்" என்று மெச்சுவார்கள். அம்மா, அப்பா, கட்டின துணை, யாராக இருந்தாலும் இதைப் பார்த்தால் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இருமுனைக் கோளாறு என்ற நோய் இப்படித்தான் தலை காட்டும். வைத்தியம் உண்டு. எழுத்து போய்விடும் என்று பயப்படாதீர்கள். தள்ளிப்போட்டால்தான் ஆள் கை நழுவிப் போவார்.

அப்படியானால் எழுதுவதையே விட்டுவிடுவதா? ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! எழுதுங்கள். ஆனால் முதலில் படுக்கிற மணியை முடிவு செய்யுங்கள், எழுதுகிற மணியை அதற்குப் பிறகு தேடுங்கள். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பதுதான் தூக்க மருத்துவர்களின் கணக்கு. ஐந்தரைக்கு எழ வேண்டும் என்றால் பத்தரைக்குப் படுக்கையில் இருக்க வேண்டும். "விடிகாலையில் எழுதுகிறேன்" என்பவர்களும் உஷார்! ஜப்பானிய எழுத்தாளர் முராகாமி நாவல் எழுதும் நாட்களில் நாலு மணிக்கு எழுகிறார் என்று எல்லோரும் சொல்வார்கள். அவர் ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துவிடுகிறார் என்பதைச் சொல்ல மாட்டார்கள். பன்னிரண்டு மணிக்குப் படுத்து நாலு மணிக்கு எழுந்தால், அது அதே விஷம்தான், கோப்பை வேறு.

பகலில் சின்னச் சின்னத் துண்டு நேரம் கிடைக்கும். எழுத்தாளர் அசோகமித்திரன் தி.நகர் நடேசன் பூங்காவில் உட்கார்ந்து எழுதியவர். உங்களுக்கு, கம்பெனி பஸ்ஸில் போகிற நேரம், பிள்ளையை டியூஷனில் விட்டுக் காத்திருக்கிற நேரம், மதியம் தறி நிற்கிற நேரம். இருபது நிமிஷத்தில் ஒரு பக்கம் எழுதலாம். தினம் ஒரு அத்தியாயம் என்று வாக்குக் கொடுத்திருந்தால், இன்றைக்கே "இனி வாரம் இரண்டு" என்று அறிவித்துவிடுங்கள். உண்மையான வாசகர் காத்திருப்பார். படுத்த பிறகு ஒரு வரி தோன்றினால் தலைமாட்டில் இருக்கிற காகிதத்தில் இருட்டிலேயே கிறுக்கிவிட்டுக் கண்ணை மூடுங்கள். போனை மட்டும் எடுக்காதீர்கள். எடுத்தால் அந்த வரியோடு பத்துப் பேருடைய விமர்சனமும் சேர்ந்து வரும்.

சி ஷிப்ட் போகிறவர்கள் தனியாகக் கேளுங்கள். ராத்திரி வேலை முடிந்து காலையில் வந்ததும் "கொஞ்சம் எழுதிட்டுப் படுக்கிறேன்" என்று உட்காராதீர்கள். முதலில் தூக்கம். ஜன்னலில் கனமான துணி, போன் வேறு அறையில். எழுந்த பிறகு, மாலையில் எழுதுங்கள். பஸ் இறங்குகிற இடத்தில் பைக்கை நிறுத்தி வைத்திருப்பீர்கள். ஷிப்ட் முடிந்து இறங்கும்போது கண் சொக்கினால் சாவியைத் தொடாமல் வீட்டுக்குப் போன் செய்து யாரையாவது வரச் சொல்லுங்கள். ஒருவரும் இல்லையென்றால் பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்து இருபது நிமிஷம் கண்ணயர்ந்துவிட்டு, முகம் கழுவி, தலை தெளிந்ததும் கிளம்புங்கள்.

வீட்டில் இருக்கிறவர்களே, நீங்களும் கேளுங்கள். எழுதுகிற பிள்ளையைத் திட்டாதீர்கள். போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் போர்வைக்குள் எழுதுவார்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் அவர்களை யாரும் கூப்பிடாமல் விடுங்கள். அந்த ஒரு மணி நேரம் மாவரைப்பது யார், பாத்திரம் தேய்ப்பது யார் என்று பேசி முடிவு செய்யுங்கள். மணிக்கட்டு முறிந்த அந்தப் பெண்ணின் வீட்டில் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள். சாயங்காலம் அவள் எழுதுகிறாள். காலையில் கரை நாடாவுக்குத் தம்பி உட்காருகிறான்.

வாரத்தில் மூன்று ராத்திரியாவது, மூன்று மாதமாகத் தூக்கம் வரவில்லை என்றால், வீட்டு வைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாதீர்கள். மாத்திரை இல்லாமல் பயிற்சியாலேயே தூக்கத்தைச் சரிசெய்கிற முறை இருக்கிறது, அதைத்தான் முதல் சிகிச்சையாகவே பரிந்துரைக்கிறார்கள், மருத்துவரிடம் கேளுங்கள். தூக்கம் இல்லாமல் மனசு உடைந்து, இருந்து என்ன பயன் என்கிற நினைப்பு வந்தால் ஒரு ராத்திரிகூடத் தனியாகக் கடக்க வேண்டாம். டெலி மனஸ், எண் 14416. மத்திய அரசின் இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டில் எழுதுகிறவரின் போனிலும் பதிந்து கொடுங்கள்.